திருவொற்றியூரிலிருந்து போடிமெட்டுக்கு

ஆனி மாதம் பிறந்து விட்டால் எங்கள் பக்கத்தில் மேல்காற்று புறப்பட்டு விடும். மலைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வந்து, சின்னமனூரைத் தாண்டிய திறந்த வயல்வெளியில் அது செய்கிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளுகிறான். தலையில் புல்லுக்கட்டு வைத்திருக்கும் ஸ்திரீகள் ஓரமாக உட்கார்ந்து விடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவன் மட்டும் பிடிவாதமாகக் குனிந்து, வண்டியைக் காற்றின் பக்கமாகச் சற்றே சாய்த்துக் கொண்டு போகிறான். எதிரே பஸ் வந்து அந்தக் காற்றை ஒரு கணம் மறைத்தால், சாய்த்த சாய்வு அதிகமாகி வண்டி பஸ்ஸை நோக்கியே போகப் பார்க்கும். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நான் தெரிந்து கொள்ளவில்லை. பதினாறு வயதில் என் தகப்பனாரின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து, அவருடைய முதுகின் அசைவிலிருந்து தெரிந்து கொண்டேன்.

அந்தப் புல்லட்டை விற்பதா, வைத்துக் கொள்வதா என்பதுதான் சென்ற சித்திரை முதல் எங்கள் வீட்டில் நடந்து வந்த விவாதம்.

பள்ளத்தாக்கைப் பார்த்திராத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே வருஷநாட்டு மலைகள். இரண்டுக்கும் நடுவே தேனியிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் திருப்பப்பட்ட நாள் முதல் நெல்லும் தென்னையும் வாழையும் செழித்த பூமி. இங்கே விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஜனங்களின் பிழைப்பில் பாதி கீழே இருக்கிறதென்றால் மறு பாதி மலைக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களில் இருக்கிறது. மேலே போக மூன்று சாலைகள்: கூடலூரைத் தாண்டி லோயர் காம்பிலிருந்து குமுளிக்கு ஒன்று, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஒன்று, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஒன்று. ரயிலை நம்பி யாரும் மலையேற முடியாது. கீழேயுள்ள ரயிலும் 2010-ம் வருஷக் கடைசியில் அகலப் பாதை வேலைக்காக நின்று, தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் திரும்பி வந்தது. ஆகவே இந்த ஊர்களில் இரண்டு சக்கர வண்டி என்பது டம்பத்துக்கு வாங்குகிற சாமானல்ல. கை கால்களைப் போன்றது.

என் தகப்பனார் ஏலக்காய்த் தரகர். வாரத்துக்கு இரண்டு நாள் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வருவார். 1978-ல் மதுரையில் அந்த வண்டியைப் புதிதாக வாங்கினார். அவர் காலமாகிப் பத்து வருஷங்கள் ஆன பின்னும் அது எங்கள் வீட்டு நடையில் நின்று கொண்டிருக்கிறது. அதன் அடியில் எண்ணெய் சொட்டுவதற்கென்று ஒரு பழைய தட்டும் இருக்கிறது. "உங்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்க மறந்தாலும் மறப்பீர்கள், அந்தத் தட்டைத் துடைக்க மறக்க மாட்டீர்கள்" என்று என் மனைவி சொல்வாள். அது அபாண்டம். திதியை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

இந்தப் புல்லட்டின் ஜாதகம் சற்று விசித்திரமானது. ரெட்டிச் என்று இங்கிலாந்தில் ஓர் ஊர். தையல் ஊசி செய்வதற்குப் பெயர் போன ஸ்தலம். அங்கேதான் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் முதலில் சைக்கிளும், 1901 முதல் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. (ஊசி செய்த ஊரில் பிறந்த வண்டி எங்கள் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வந்து உழல வேண்டும் என்று அதன் தலையில் எழுதியிருந்தது போலும்!) நாம் சுதந்திரம் பெற்ற இரண்டு வருஷத்துக்குப் பின், 1949-ல், அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எல்லைப் புறங்களில் கரடுமுரடான வழிகளில் போவதற்கு உறுதியான வண்டியைத் தேடிக் கொண்டிருந்த நமது ராணுவத்தார் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ராணுவத்துக்கு வேண்டிய வண்டிகளையெல்லாம் கப்பலில் வரவழைத்துக் கொண்டிருப்பதா? 1955-ல் சென்னை மோட்டார்ஸ் கம்பெனியார் ஆங்கிலக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்தார்கள். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது.

ஆரம்பத்தில் அங்கே நடந்தது, பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பூட்டுகிற வேலைதான். பிறகு வார்ப்புகளும் அச்சுகளும் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் நமது தொழிலாளிகளே செய்யத் தொடங்கி விட்டார்கள். இதற்குள் இங்கிலாந்தில் நிலைமை தலைகீழாகிக் கொண்டிருந்தது. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பழைய ஆங்கிலக் கம்பெனியே இல்லாமற் போயிற்று. திருவொற்றியூரிலோ அதே வண்டி, ஏறக்குறைய அதே உருவத்தில், நாள் தவறாமல் வெளிவந்து கொண்டிருந்தது. 1977-ல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின! மூலக் கம்பெனி மறைந்த ஊருக்குக் கிளைக் கம்பெனி பிண்டம் போட்டது போலத்தான். என் தகப்பனார் இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து விட்டுத்தான் மறு வருஷம் வண்டி வாங்கினார் என்று என் தாயார் சொல்வதுண்டு. சுதேசி அபிமானம் பாதி, பூப்பாறை ஏற்றம் பாதி என்று நான் வைத்துக் கொள்கிறேன்.

புல்லட்டைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தால் கம்பம் பள்ளத்தாக்கு எனக்குச் சாபம் கொடுத்து விடும். இங்கே உண்மையில் பாரம் சுமப்பது வேறொரு ஜீவன். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் வளர்த்த மோட்டார் தொழிலின் வழித்தோன்றலாக, 1980-ல் ஓசூரிலிருந்து 'டி. வி. எஸ். 50' என்ற மொபெட் வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரலாம், ஐம்பது சி. சி.; கியர் கிடையாது. அதன் பேரப்பிள்ளைதான் இன்று எல்லோரும் 'எக்ஸெல்' என்று செல்லமாக அழைக்கும் வண்டி. இதன் மேல் எங்கள் குடியானவர்கள் ஏற்றுவதைக் கண்டால் அதைச் செய்த எஞ்சினீயர்கள் மயங்கி விழுவார்கள். காலையில் இருபுறமும் பால் கேன். மத்தியானம் திராட்சைக் கூடை. சாயங்காலம் ஆட்டுக்குத் தழை, தழைக்கு மேல் ஒரு பையன். புல்லட்டுக்குக் கோவில் கட்டுவது போல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸெலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பாரம் சுமக்கிறவைகளைப் பற்றிப் பேசுகிற வழக்கம் நம்மிடம் எப்போதுமே குறைவு.

வண்டியின் சம்ரக்ஷணைக்கு வருவோம். தேனியில் ஒரு வேப்ப மரத்தடியில் பட்டறை வைத்திருக்கிறார் எங்கள் மெக்கானிக். எழுபதைத் தாண்டியவர். மதுரையில் ஒரு கிழவரிடம் பன்னிரண்டாம் வயதில் பானை (ஸ்பானரைத்தான் சொல்கிறேன்) துடைக்கச் சேர்ந்து தொழில் கற்றவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். என் தகப்பனாரை அவர் ஐயா என்று அழைத்ததுதான் எங்கள் உறவுக்கு மூலம். பழைய புல்லட்டுக்கு இங்கிலீஷ் அங்குல அளவில் சில மரைகள், மற்ற அளவுகளில் சில மரைகள். எந்தப் போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று பார்க்காமலே அவர் கை எடுக்கும்.

பழைய வண்டியின் விசேஷம், அதன் உறுப்பெல்லாம் வெளியே தெரிவதுதான். எஞ்சின் வேறு, கியர் பெட்டி வேறு. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். குறுக்கை விட நெடுக்கு அதிகம். ஆகையால் நிதானமாகச் சுற்றும். அந்த நிதானத்திலேயே மலையேறுகிற பலம் இருக்கிறது. 'டுப், டுப்' என்று ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணக் கூடிய அந்தச் சத்தத்துக்கும் இதுதான் காரணம். வலப் பக்கத்திலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு தண்டுகள் தெரியும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவற்றை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றி உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் டேப்பட் சரிபார்ப்பது. எந்த அளவுகோலும் தேவையில்லை, விரல் போதும்.

பாயிண்ட் வைப்பதுதான் வித்தை. பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர ஒரு மில்லிமீட்டரிலும் குறைவான தூரம் இருக்கும்போதே, பாயிண்ட் என்ற இரண்டு சிறு உலோக முகங்கள் பிரிய வேண்டும். அந்தக் கணத்தில் பிளக்கில் பொறி பிறக்கும். அது எப்போது பிரிகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அண்ணன் என்ன செய்வார் என்றால், சிகரெட் பெட்டியின் மெல்லிய காகிதத்தைக் கிழித்து இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைத்து, ஒரு கையால் அதை லேசாக இழுத்துப் பிடித்துக் கொண்டே, மறு கையால் எஞ்சினை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். காகிதம் நழுவும் இடம்தான் அந்தக் கணம். மேலே சொன்ன பெரிய ஆலைகளும் கப்பல்களும் கடைசியில் இந்தக் காகிதத் துண்டில் வந்து முடிகின்றன. இது தெரிந்த கை இல்லையென்றால், சுதேசி வண்டியானாலும் அது நடையில் நிற்கிற இரும்புதான்.

சித்திரையில் ஒரு நாள் அவர் காகிதத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியதைக் கண்டேன். இரண்டு தரம் வைத்து, இரண்டு தரமும் தவறிப் போயிற்று. மூன்றாம் தரம் வைக்காமல் கையைத் துடைத்துக் கொண்டார்.

"ஆவணியோடு பட்டறையைக் கட்டி விடலாம் என்றிருக்கிறேன், தம்பி. கண்ணும் சரியில்லை. கற்றுக்கொள்ள வந்த பையன்களும் திருப்பூருக்குப் போய் விட்டார்கள்" என்றார்.

இதைக் கேள்விப்பட்டாரோ என்னவோ, அடுத்த வாரமே கோயமுத்தூரிலிருந்து ஒரு வண்டித் தரகர் வந்து விட்டார். பழைய புல்லட்டுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. அவர் சொன்ன தொகை, என் தகப்பனார் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. என் மகனும் அவர் பக்கம் பேசினான். எஞ்சினீயரிங் காலேஜில் படிக்கிறவன், பேசத் தெரிந்தவன். "இதை விற்றுவிட்டுப் புதிய புல்லட்டே வாங்கலாமே, அப்பா. அதுவும் அதே கம்பெனிதானே?" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. 1994-ல் ஐஷர் கம்பெனியார் வசம் போன பிறகு அந்த ஸ்தாபனம் சிறிது சிறிதாக வண்டியை மாற்றி, 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு விடை கொடுத்து விட்டது. இப்போதைய 350 சி. சி. எஞ்சின் பொத்தானை அழுத்தினால் எழுந்து கொள்ளும். பெட்ரோலைக் கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணக்கிட்டுப் பீச்சுகிற ஏற்பாடு. பாயிண்டும் கிடையாது, காகிதமும் கிடையாது. 125 சி. சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சக்கரம் இறுகி வழுக்காதபடி காக்கும் ஏ. பி. எஸ். பிரேக் 2019 முதல் சட்டப்படியே கட்டாயம். மழை நாளில் மலைச் சாலையில் இதன் அருமை தெரியும். பழைய வண்டியின் டிரம் பிரேக்கோ, நீண்ட இறக்கத்தில் சூடேறி, 'இதோ பிடிக்கிறேன்' என்று சொல்லிக் கொண்டே பிடிக்காமல் போகும். அன்றியும், உதைக்கத் தேவையில்லாத வண்டிகள் வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உத்தியோகத்துக்குப் போகிறார்கள். எங்கள் காலத்து உதைக்கிற வண்டி எத்தனை பேரை வீட்டோடு நிறுத்தி வைத்திருந்தது என்பதை, அதன் பெருமையைப் பாடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தரம் போடிமெட்டுக்குப் போய் வந்து விட்டுத் தரகருக்குப் பதில் சொல்வதென்று தீர்மானித்தேன். பையனும் வருவதாகச் சொன்னான். இருவரும் ஹெல்மெட் அணிந்து, அதிகாலையில் புறப்பட்டோம்.

முந்தலில் சோதனைச் சாவடி தாண்டியதும் மலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டுமென்பது சட்டம். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்கு அந்தச் சட்டம் தெரியுமோ தெரியாதோ, நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். வளைவுக்குள் கிளட்ச்சைத் தொடக் கூடாது. பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது கியரில் வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிற்று. மேலே மூடுபனி. டீ குடித்தோம். பையன் ஒன்றும் பேசவில்லை. அது நல்ல அறிகுறி.

இறங்கும்போதுதான் சங்கதி. புலியூத்துக்குச் சற்று மேலே கிளட்ச் ஒயர் பட்டென்று அறுந்தது. எஞ்சினும் நின்று போயிற்று. குற்றம் முழுவதும் என்னுடையது. என் தகப்பனார் எப்போதும் ஓடுகிற ஒயரின் பக்கத்திலேயே இன்னொரு புதிய ஒயரைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார். அறுந்தால் முனையை மாற்றினால் போதும். தரகர் வருகிறாரே, வண்டி பார்வையாக இருக்கட்டும் என்று நான்தான் அதைக் கழற்றி எறிந்திருந்தேன்.

எக்ஸெலில் இரண்டு மூட்டையோடு இறங்கி வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார். நான் நியூட்ரலில் உருட்டிக் கொண்டு போய் விடலாம் என்று நினைத்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறி விட்டது.

"வேண்டாம் அண்ணே. நியூட்ரலில் விட்டால் மூன்று வளைவுக்குள் பிரேக் கையை விரித்து விடும். டீ-கம்பிரஷன் லிவர் இருக்கிறதல்லவா? இரண்டாவது கியரைப் போட்டு, அதை அழுத்திப் பிடித்துக் கொண்டு உருள விடுங்கள். வேகம் வந்ததும் விட்டு விடுங்கள். எஞ்சின் பிடித்துக் கொள்ளும். அதற்கப்புறம் கியரைத் தொடவே தொடாதீர்கள்" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "தம்பி, நீங்கள் என் மூட்டை மேல் உட்காருங்கள்" என்றார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த லிவரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அடைபடும் காற்று வெளியேறி விடும்; எஞ்சின் எதிர்ப்பில்லாமல் சுழலும். விட்டால் அழுத்தம் திரும்பும். பொறி பட்டு வெடிக்கும். அப்படியே ஆயிற்று. அதே எஞ்சினே கீழ் வரையில் கடிவாளமாக இருந்து வண்டியைப் பிடித்துக் கொண்டது. முந்தல் வரை ஒரே கியரில், நடக்கிற மாடு போல் வந்து சேர்ந்தோம். நிறுத்தவும் அதே லிவர்தான். கீழே பஞ்சர் கடைக்காரர் ஒரு மொபெட் ஒயரை எடுத்து, திருகு நிப்பிள் ஒன்றை முனையில் முடுக்கி, இருபது நிமிஷத்தில் அனுப்பி விட்டார். எக்ஸெல்காரர் பையனை இறக்கி விட்டு, காப்பிக்குக் கூட நிற்காமல் போய் விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பையன் கேட்ட முதல் கேள்வி: "அந்த லிவர் எப்படி அப்பா வேலை செய்கிறது?"

மறுநாள் முதல் ஞாயிற்றுக் கிழமைகளில் அவன் வேப்ப மரத்தடிக்குப் போக ஆரம்பித்தான். முதல் இரண்டு வாரம் அண்ணன் அவனைப் பானை துடைக்கத்தான் வைத்தார். என் மனைவி எண்ணெய்க் கறை படிந்த சட்டைகளைத் தனியாகத் துவைக்கப் போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. தரகர் இரண்டு தடவை டெலிபோன் செய்தார்.

சென்ற ஞாயிறன்று நானும் போயிருந்தேன். பட்டறையில் சாமான்கள் பாதி மூட்டை கட்டியாகி விட்டன. அண்ணன் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க, பையன் தரையில் மண்டியிட்டுச் சிகரெட் காகிதத்தைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து எஞ்சினைத் திருப்பினான். காகிதம் நழுவிற்று. திருகை முடுக்கினான். சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெதுவாக இறக்கி, லிவரை அழுத்தி இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு, ஓங்கி உதைத்தான். ஒன்றுமில்லை. இரண்டாம் உதையிலும் இல்லை. மூன்றாம் உதையில் வண்டி பிடித்துக் கொண்டு, வேப்ப மரத்திலிருந்த காகங்களையெல்லாம் கிளப்பி விட்டது.

பையன் பெருமையோடு கிழவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார்.

"நிறுத்து. ஆறட்டும். டேப்பட்டில் ஒன்று தட்டுகிறது, உனக்குக் கேட்கவில்லையா?" என்றார்.